உங்கள் நிரல் இல்லாமல் உங்கள் கோப்பைப் படிக்க முடியுமா?

புள்ளியியல் மென்பொருள் நிறுவனத்திலோ, கணக்கெடுப்புத் தரவைக் கையாளும் அலுவலகத்திலோ சேர்ந்து ஓரிரு வருடம் ஆனவர்களிடம் ஒரு நாள் இந்த வேலை வந்து சேரும். "நம்ம பைனரி ஃபைலோட ஃபார்மேட்டைக் கொஞ்சம் டாக்குமென்ட் பண்ணிடுங்க." வேலையை வாங்கியவர் பழைய நிரலைத் திறப்பார். அதிலுள்ள ஸ்ட்ரக்ட் வரையறைகளை எடுத்து வேர்டில் ஒட்டுவார், அட்டவணை போடுவார், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுவார். அடுத்த வருடம் யாராவது அதைத் திறந்தால், நிரலில் என்ன இருந்ததோ அதுவே மறுபடி இருக்கும். நிரலில் இல்லாதது எதுவும் இருக்காது.

இந்த வேலையை அப்படி முடிக்காதீர்கள். ஒரு தரவுக் கோப்பு, அதை எழுதிய மென்பொருளைவிட அதிக காலம் வாழும். 20 வருடத்துக்கு முன் எடுத்த குடும்பக் கணக்கெடுப்பை இன்னொரு முறை எடுக்க முடியாது. அந்தக் கோப்பு ஒன்றுதான் மிச்சம். அதைத் திறக்கப்போகிறவருக்கு உங்களைத் தெரியாது, உங்கள் நிரல் கையில் இருக்காது. அவர் உங்கள் ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல், அந்தக் கோப்பைப் படிக்கும் நிரல் ஒன்றை எழுத முடியவேண்டும். அப்படி முடிந்தால்தான் ஆவணம் முடிந்தது என்று பொருள். கீழே சொல்வது எல்லாம் இந்த ஒரு சோதனையில் தேறுவதற்கான வழி.

முன்மாதிரிகள் இருக்கின்றன, எழுதத் தொடங்கும் முன் அவற்றைப் படியுங்கள். ஸ்டேட்டா நிறுவனம் தன் டிடிஏ கோப்பின் அமைப்பைத் தன் உதவிப் பக்கங்களிலேயே முழுதாக வெளியிட்டிருக்கிறது. சாஸ் நிறுவனம் தன் டிரான்ஸ்போர்ட் கோப்புக்கு டிஎஸ்-140 என்ற தொழில்நுட்பக் குறிப்பை எழுதி வெளியிட்டது. அந்த விளக்கம் பொதுவில் இருந்ததால்தான் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1999இல் அந்த வடிவத்தை ஏற்றது. சென்னையிலும் பெங்களூரிலும் மருந்துச் சோதனைத் தரவில் வேலை பார்ப்பவர்கள் எக்ஸ்பிடி என்று அன்றாடம் புழங்குவது அதைத்தான். அதே நிறுவனத்தின் அன்றாடத் தரவுக் கோப்பான சாஸ்7பிடாட்டுக்கு அப்படி விளக்கம் கிடைக்கவில்லை. மேத்யூ ஷாட்வெல் போன்றவர்கள் பைட்டுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் அதன் அமைப்பை எழுதவேண்டி வந்தது. இன்று ஆர் மொழியில் ஹேவன், பைத்தானில் பைரீட்ஸ்டாட் என்று எல்லோரும் ஒரே வரியில் கோப்பைத் திறக்கிறார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது இவான் மில்லர் எழுதிய ரீட்ஸ்டாட் என்ற சி நூலகம்.

என் பார்வையில் நல்ல பாடப்புத்தகம், எஸ்பிஎஸ்எஸ்ஸின் எஸ்ஏவி கோப்புக்கு குனூவின் பிஎஸ்பிபி திட்டத்தார் எழுதிய விளக்கம். பென் ஃபாஃப் தொடங்கிய திட்டம் அது. கோப்பை எழுதிய நிறுவனத்துக்கு வெளியே இருந்தவர்கள் எழுதியதால், எதையும் "இது தெரிந்ததுதானே" என்று விட்டுவிடவில்லை. அதிலிருந்தே உதாரணங்களை எடுக்கிறேன்.

முதல் 176 பைட்

எஸ்ஏவி கோப்பின் தலைப்பகுதி 176 பைட். முதல் 4 பைட்டில் டாலர் குறி, எஃப், எல், 2 என்ற நான்கு எழுத்துகள். பிறகு 60 பைட்டில் மென்பொருளின் பெயர். 64ஆம் இடத்தில் 4 பைட் முழு எண் ஒன்று. அதன் மதிப்பு பெரும்பாலும் 2. (இடம் என்று நான் சொல்வது பூஜ்யத்திலிருந்து எண்ணியது. உங்கள் ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே எண்ணும் முறையைச் சொல்லிவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.)

அந்த 2 எதற்கு என்று நிரலை மட்டும் பார்த்தால் புரியாது. கோப்பில் அது 2 0 0 0 என்ற வரிசையில் இருந்தால் சிறு முனை முதலில் எழுதும் கணினி எழுதியது. 0 0 0 2 என்றிருந்தால் பெரு முனை முதலில். இதை வைத்துத்தான் மற்ற முழு எண்களைப் படிக்கவேண்டும். பிஎஸ்பிபி ஆவணம் இதோடு நிற்கவில்லை. இந்த இடத்தில் 3 இருக்கும் கோப்புகளும் நடைமுறையில் தென்பட்டிருக்கின்றன என்று எழுதிவைத்திருக்கிறது. 2 மட்டுமே வரும் என்று நம்பி நிரல் எழுதியிருந்தால், ஒழுங்கான கோப்பைப் பார்த்து "இது எஸ்ஏவி இல்லை" என்று சொல்லியிருக்கும்.

80ஆம் இடத்தில் வரிசைகளின் எண்ணிக்கை. இது -1 ஆகவும் இருக்கலாம், ஏனென்றால் தலைப்பகுதியை எழுதும்போது எத்தனை வரிசை வரப்போகிறது என்று மென்பொருளுக்கே தெரியாமல் இருக்கக்கூடும். இந்தக் காரணத்தை ஆவணத்தில் சொல்வது முக்கியம். "-1 வரலாம்" என்று மட்டும் எழுதினால் படிப்பவர் அதைக் கோளாறு என்று நினைப்பார். காரணம் தெரிந்தால் கோப்பின் முடிவுவரை படித்து எண்ணிக்கொள்வார்.

84ஆம் இடத்தில் 8 பைட் தசம எண், வழக்கமாக 100. ஹெக்ஸ் எடிட்டரில் 40 59 என்று தொடங்கி ஆறு பூஜ்ய பைட்டுகள் வரும், அல்லது ஆறு பூஜ்யம் முடிந்து 59 40 என்று தலைகீழாக வரும். ஒவ்வொரு புலத்துக்கும் இப்படி ஓர் உண்மையான கோப்பின் பைட்டுகளை அப்படியே எடுத்துப் போடுங்கள். "8 பைட் தசம எண்" என்ற விளக்கத்தைப் பத்துப் பேர் பத்து விதமாகப் படிப்பார்கள். பைட்டைக் கண்ணால் பார்த்தால் சந்தேகம் வராது. டிரான்ஸ்போர்ட் கோப்பில் இது இன்னும் அவசியம், ஏனென்றால் அதில் எண்கள் ஐபிஎம் பெருங்கணினியின் பழைய தசம வடிவத்தில் இருக்கும். 2 என்ற எண் நம் கணினிகளில் 40 00 என்று தொடங்கும், அங்கே 41 20 என்று தொடங்கும்.

கடைசி 3 பைட் வெறும் நிரப்பி. அதையும் எழுதுங்கள். விளக்கம் இல்லாத ஒரு பைட்கூட ஆவணத்தில் இருக்கக்கூடாது. பொருள் தெரியாவிட்டால் "பொருள் தெரியவில்லை, பார்த்த கோப்புகளில் எல்லாம் பூஜ்யம்" என்று எழுதுவது நேர்மையான வரி, பயனுள்ள வரியும்கூட.

ஒரு சிறு கோப்பை முழுதாகப் பிரித்துக் காட்டுங்கள்

84ஆம் இடத்தில் பார்த்த அந்த 100 எதற்கு? எஸ்ஏவியின் சுருக்க முறையில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு பைட் குறியீடு உண்டு. 1 முதல் 251 வரை வந்தால் அதிலிருந்து 100ஐக் கழித்தால் மதிப்பு கிடைத்துவிடும். 252 என்றால் தரவு முடிந்தது. 253 என்றால் மதிப்பு சுருங்கவில்லை, 8 பைட்டாகப் பின்னால் வருகிறது. 254 எட்டு வெற்றிடம். 255 விடுபட்ட மதிப்பு. 0 வெறும் நிரப்பி.

இத்தனையும் எழுதியாகிவிட்டது, இதை வைத்து ஒருவர் நிரல் எழுத முடியுமா? முடியாது. ஒரு கோப்பைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். வயது, குழந்தைகள், மாத வருமானம் என்று மூன்று மாறிகள். இரண்டு பேர். முதல் ஆள் 34, 2, 18500. இரண்டாமவர் 51, குழந்தைகள் பற்றிய பதில் இல்லை, 9200. கோப்பில் வருவது இப்படி: 134, 102, 253, 151, 255, 253, 252, 0. அதற்குப் பின்தான் 18500க்கான 8 பைட், அடுத்து 9200க்கான 8 பைட். மொத்தம் 24 பைட். சுருக்காமல் எழுதியிருந்தால் 48.

இதில் இரண்டு விஷயம் பட்டியலில் சொல்லப்படவே இல்லை. குறியீடுகள் எட்டெட்டாகச் சேர்ந்து வருகின்றன, அந்த எட்டு ஒரு ஆளின் வரிசையோடு நிற்காமல் அடுத்த ஆளுக்குள்ளும் ஓடுகிறது. 253க்கான மதிப்புகள் அந்த எட்டும் முடிந்த பிறகு வரிசையாக வருகின்றன. பட்டியலை மட்டும் படித்தவர் 253ஐப் பார்த்தவுடன் அடுத்த 8 பைட்டை எடுத்து வருமானம் என்று வைத்துக்கொள்வார், அங்கிருந்து கோப்பு முழுவதும் நாசம். இன்னொன்று: 252 சில கோப்புகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. அதை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நிரல் கோப்பின் முடிவில் விழுந்துவிடும்.

எனவே ஆவணத்தில் எத்தனை அட்டவணை இருந்தாலும், மிகச் சிறிய ஒரு கோப்பை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட்வரை பிரித்துக் காட்டும் பகுதி ஒன்று இருக்கவேண்டும். நேரம் குறைவு என்று மேலாளர் சொன்னால் மற்ற எதை வேண்டுமானாலும் சுருக்குங்கள், இதைச் சுருக்காதீர்கள்.

எண் சரி, அர்த்தம் தப்பு

மற்ற பைனரி கோப்புகளுக்கும் புள்ளியியல் கோப்புக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். படம் தவறாகத் திறந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தரவுக் கோப்பு தவறாகத் திறந்தால் சராசரி ஒன்று வரும், பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும், அறிக்கையில் ஏறிவிடும்.

விடுபட்ட மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேட்டாவின் ஒரு பைட் மாறியில் 100தான் மிகப் பெரிய எண். 101 முதல் 127 வரையுள்ள 27 எண்களும் 27 வகை விடுபட்ட மதிப்புகள். இது தெரியாமல் வயது மாறியைப் படித்தால், பதில் சொல்லாதவர்கள் எல்லோரும் 101 வயதுக் கிழவர்கள் ஆகிவிடுவார்கள். எஸ்பிஎஸ்எஸ் வேறு வழி பிடித்தது: 8 பைட் தசமத்தில் எழுத முடிந்த மிகக் கீழான எதிர்ம எண்ணையே விடுபட்டதற்கு வைத்துக்கொண்டது. இதைத் தவிர, ஆய்வாளர் தானாக அறிவிக்கும் விடுபட்ட மதிப்புகளும் அதில் உண்டு. "சொல்ல விரும்பவில்லை" என்பதற்கு 99 என்பது போல. அவை எத்தனை என்று சொல்லும் புலத்தில் 3 என்று இருந்தால் தனித்தனியாக மூன்று மதிப்பு. -3 என்று இருந்தால் ஒரு வீச்சின் இரு எல்லைகளும் தனியாக ஒரு மதிப்பும். இரண்டுக்கும் பின்னால் வருவது மூன்று எண்கள்தான். பொருள் முற்றிலும் வேறு.

தேதி அடுத்தது. சாஸும் ஸ்டேட்டாவும் 1960 ஜனவரி 1ஐத் தொடக்கமாக வைத்து நாள்களை எண்ணுகின்றன. ஆர் மொழி 1970 ஜனவரி 1இலிருந்து எண்ணுகிறது. எஸ்பிஎஸ்எஸ் 1582 அக்டோபர் 14 நள்ளிரவிலிருந்து விநாடிகளை எண்ணுகிறது. 2000 ஜனவரி 1 சாஸில் 14610. அந்த எண்ணை ஆரின் தொடக்கத்தோடு படித்தால் கிடைப்பது 2010 ஜனவரி 1. ஒழுங்கான தேதி, புத்தாண்டு நாள்கூட மாறவில்லை, பத்து வருடம் மட்டும் தள்ளிப்போய்விட்டது. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். உங்கள் ஆவணத்தில் தேதி என்ற சொல் வரும் இடமெல்லாம் தொடக்க நாள், அலகு, ஓர் உதாரண எண், அதற்கான தேதி ஆகிய நான்கும் இருக்கட்டும்.

எடை மாறி என்று ஒன்று உண்டு. மாதிரிக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு ஆளும் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்று சொல்வது. எஸ்ஏவியின் தலைப்பகுதியில் 76ஆம் இடம் அதற்கானது. அதில் இருக்கும் எண்ணை "எத்தனையாவது மாறி" என்று எழுதினால் தப்பு. 8 பைட்டுக்கு மேற்பட்ட எழுத்து மாறி பல இடங்களைப் பிடிக்கும், அந்த இடங்களும் எண்ணிக்கையில் சேரும். முதல் மாறி 20 பைட் பெயர் என்றால் அது மூன்று இடம் பிடிக்கும். இரண்டாவது மாறியான எடைக்கு எண் 4. இந்த ஒரு வரி விட்டுப்போனால் வேறொரு மாறி எடையாகிவிடும், மாநிலத்தின் சராசரியே மாறிவிடும்.

தமிழில் வேலை செய்கிறவர்கள் எழுத்துக் குறியாக்கத்தில் கூடுதல் கவனம் வைக்கவேண்டும். புள்ளியியல் மென்பொருளில் எழுத்து மாறியின் அகலம் பெரும்பாலும் பைட் கணக்கு. "மதுரை" என்ற சொல் யூடிஎஃப்-8இல் 15 பைட். அகலம் 8 என்று வைத்த மாறியில் ம, த இரண்டும் 6 பைட்டில் நுழையும். அடுத்து வரும் உகரக் குறியின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் உள்ளே வந்து, மூன்றாவது வெட்டுப்படும். ஊர்ப் பெயரும் போய், செல்லாத பைட்டுகளும் மிஞ்சும். பழைய கோப்புகள் இன்னும் சிக்கல். ஸ்டேட்டா 14க்கு முன் யூனிகோடே கிடையாது. தமிழ் விளக்கச் சீட்டுகள் டிஸ்கியிலோ தாப், தாம் குறியாக்கத்திலோ இருக்கக்கூடும். டிஸ்கியில் ஐகாரக் குறி மெய்க்கு முன்னால் வரும், யூனிகோடில் பின்னால் வரும். எஸ்ஏவியில் குறியாக்கத்தின் பெயரைச் சொல்லத் தனிப் பதிவு ஒன்று பின்னாளில் சேர்ந்தது. பழைய கோப்புகளில் அது இருக்காது. "எழுத்து, 8 பைட்" என்று எழுதி நிறுத்தினால் இத்தனையும் படிப்பவர் தலையில் விழும்.

வெர்ஷன்

ஸ்டேட்டா 13 எழுதிய 117ஆம் வடிவத்தில் மாறிப் பெயருக்கு 33 பைட், அதன் விளக்கத்துக்கு 81. யூனிகோடு வந்த 118இல் 129, 321. எழுத்துக்கு 4 பைட்வரை இடம் விட்டதுதான் காரணம். வெர்ஷன் எண்ணைப் பார்க்காமல் 33ஐ நம்பிய நிரல், பெயர்களைத் தாண்டுவதற்குள் தடம் புரளும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எந்த வெர்ஷனில் வந்தது, ஏன் வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். பழைய வெர்ஷனின் விளக்கத்தை ஒருநாளும் அழிக்காதீர்கள். பழைய கோப்புகள் எங்கோ ஒரு சர்வரில் இருக்கத்தான் செய்யும்.

எழுதும்போது மூன்று சொற்களுக்குப் பொருளை முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்: "கட்டாயம்", "பரிந்துரை", "இருக்கலாம்". இணைய நெறிமுறை எழுதுபவர்கள் 1997இல் வந்த ஆர்எஃப்சி 2119 முதல் இதைப் பின்பற்றுகிறார்கள். எழுதும் நிரல் செய்யவேண்டியதும் படிக்கும் நிரல் எதிர்பார்க்கவேண்டியதும் ஒன்றல்ல என்பதையும் பிரித்துக் காட்டுங்கள். எஸ்ஏவியில் 68ஆம் இடத்தில் ஒரு வரிசைக்கு எத்தனை மதிப்பு என்ற எண் இருக்கிறது. சில மென்பொருள்கள் அதில் -1ஐ எழுதுகின்றன, சில 0. எழுதுபவர் சரியாக எழுதவேண்டும், படிப்பவர் அதை நம்பக்கூடாது: இரண்டையும் சொல்ல இரண்டு வாக்கியம் வேண்டும்.

சோதித்துப் பார்க்கும் விதம்

எழுதி முடித்த ஆவணத்தை உங்கள் குழுவில் இல்லாத, அந்த நிரலைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் என்றால் இன்னும் நல்லது. ஆவணத்தை மட்டும் வைத்துக் கோப்பைப் படிக்கும் சிறு நிரல் எழுதச் சொல்லுங்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ஆவணத்தில் உள்ள ஓர் ஓட்டை. வாயால் பதில் சொல்லிவிடாதீர்கள்; ஆவணத்தைத் திருத்திவிட்டு, "இப்போது படித்துப் பாருங்கள்" என்று சொல்லுங்கள்.

கூடவே சோதனைக் கோப்புகளை வையுங்கள். வரிசையே இல்லாத கோப்பு, ஒரே மாறி உள்ள கோப்பு, எல்லாமே விடுபட்ட மதிப்பான கோப்பு, எழுத்து மாறியின் அகலம் 255ஐத் தாண்டிய கோப்பு, தமிழ்ச் சீட்டுகள் உள்ள கோப்பு. ஒவ்வொன்றுக்கும் சரியான விடை ஒரு சாதாரண உரைக் கோப்பில். ஏதோ ஒரு புலத்தின் பொருள் பிடிபடவில்லை என்றால் மென்பொருளில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றி மறுபடி சேமித்து, இரண்டு கோப்புகளையும் பைட்டுக்குப் பைட் ஒப்பிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். கைட்டாய் ஸ்ட்ரக்ட் போன்ற கருவியில் அமைப்பை எழுதிவைத்தால் பல மொழிகளில் படிக்கும் நிரலை அதுவே உருவாக்கித் தரும். விளக்கமும் நிரலும் வெவ்வேறு திசையில் போகாமல் இருக்க அது உதவும், ஆனால் "ஏன்" என்பதை எழுத அதனால் முடியாது.

வேறு நிறுவனத்தின் கோப்பைப் பிரித்து எழுதுவதானால் முதலில் உரிம ஒப்பந்தத்தைப் படியுங்கள், உங்கள் நிறுவனத்தின் சட்டப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏபி) பிரிவு, ஒரு மென்பொருளை முறையாக வைத்திருப்பவர், தனியாக உருவாக்கிய நிரல் மற்ற நிரல்களோடு இணைந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறுவதற்கு இடம் தருகிறது. அந்தத் தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்கக்கூடாது என்ற நிபந்தனையும் அதிலேயே உண்டு. ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்பது வேறு கேள்வி. அதை நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள்.

அலுவலகத்தில் இதற்கு நேரம் வாங்குவது எப்படி? "டாக்குமென்டேஷன்" என்று கேட்டால் கடைசி வாரத்தில் இரண்டு நாள் ஒதுக்குவார்கள். அதற்குப் பதில் "வெளியாள் ஒருவர் நம் கோப்பைப் படிக்கும் நிரலை எழுதிக் காட்டுவார், சோதனைக் கோப்புகள் எல்லாம் தேறும்" என்று முடிவைச் சொல்லிக் கேளுங்கள். அது திட்டமாகத் தெரியும், திட்டத்துக்கு நாள் கிடைக்கும். ஆவணத்தை நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில் வையுங்கள். கோப்பு வடிவத்தைத் தொடும் எந்த மாற்றமும் ஆவணத்தில் அதற்கான வரி இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்று மறுபார்வை விதியில் சேர்க்கச் சொல்லுங்கள். இதைச் செய்தவர் பெயர்தான் அந்தக் கோப்பைப் பற்றிய எல்லாக் கூட்டங்களிலும் முதலில் வரும்.

நிறுவனத்தின் ஆவணத்தை நேர்முகத் தேர்வுக்கு எடுத்துப் போக முடியாது. அதனால் சொந்தமாக ஒன்று செய்துவையுங்கள். பிஎஸ்பிபி இலவசம். அதில் மூன்று மாறி, இரண்டு வரிசையோடு ஓர் எஸ்ஏவி கோப்பைச் சுருக்க முறையில் சேமியுங்கள், லினக்ஸில் எக்ஸ்எக்ஸ்டி கட்டளையால் பைட்டுகளைக் கொட்டுங்கள், விளக்கத்தைப் பார்க்காமல் தெரிந்தவரை எழுதுங்கள், பிறகு பிஎஸ்பிபி ஆவணத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அவர்கள் எழுதி நீங்கள் விட்ட வரிகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அலுவலகக் கோப்பில் எதைத் தேடவேண்டும் என்று அந்தக் குறிப்பே சொல்லும்.